மூக்கில்லாத மயில்

ஜன்னலோரம் நீயே உக்காரு தாயி. எனக்கு வேண்டாம். பஸ்ஸு நிக்கிற இடத்துல வெளியே இருந்து கையை விட்டுக் காதுல கெடக்கறதை அத்துட்டுப் போயிருவானுக. இந்தப் பக்கம் உக்காந்தா மட்டும் என்ன, கூட உக்காந்திருக்கறவங்க சுருக்குப்பையில கையை விடுவாங்க. உன்னையச் சொல்லலை. உன் முகத்தைப் பாத்தா அப்படித் தெரியலை. ஆனா முகத்தைப் பாத்து நான் ஏமாந்திருக்கேன், அதனால பொதுவாச் சொல்றேன்.

பையில என்ன, சேலையா? இம்புட்டுச் சேலையா? ஓ, ஃபால்ஸ் அடிச்சுக் கொடுக்கற வேலையா. நல்ல வேலைதான். உக்காந்த இடத்துல செய்யலாம், வெயில் படாது. என் தம்பிக்கும் அப்படி ஒரு வேலை அமைஞ்சிருந்தா... சரி, விடு.

நானும் திண்டுக்கல்தான். கோர்ட்டுக்குப் போறேன். பயந்துக்கிடாத, நான் ஒண்ணும் பண்ணலை. சாட்சி சொல்லப் போறேன். என் தம்பியைக் கொன்னவளைப் பத்தி.

யாரா? அவன் பொண்டாட்டிதான்.

பாத்தியா, நிமிந்து உக்காந்துட்ட. எல்லாரும் இந்த இடத்துலதான் நிமிருவாங்க. ரெண்டு வருசமாச் சொல்றேன், எனக்கு இன்னும் சலிக்கலை. கொடைரோடு தாண்டுறதுக்குள்ள பாதி சொல்லிருவேன்.

என் பேரு வெள்ளையம்மா. நிலக்கோட்டைக்குத் தெக்க ரெண்டு மைல் எங்க ஊரு. என் தம்பி பேரு ராசாங்கம். எங்கம்மா அவனைப் பெத்துப் போட்ட ஆறாம் மாசம் போயிட்டா. எனக்கு அப்ப பதினாலு வயசு. இடுப்புல தூக்கி வச்சு வளத்தவ நான். என்னையும் ஒரு இடத்துல கட்டிக் கொடுத்தாங்க. ரெண்டு வருசத்துல திரும்பி வந்துட்டேன். அந்த வீட்டுல சோத்துல எனக்கு என்னமோ கலந்துக்கிட்டே இருந்தாங்க. தின்ன உடனே வயித்து வலி. டாக்டர் புண்ணுன்னான். அவனும் அந்த ஊர்க்காரன்தானே, வேற என்ன சொல்லுவான்?

தம்பிக்குத் தொழில் மருந்தடிக்கறது. எங்க பக்கம் எல்லாம் மல்லியத் தோட்டம். மொட்டுல புழு விழுந்துச்சுன்னா ராசாங்கத்தைக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாங்க. முதுகுல டேங்க்கு, மூக்குல ஒரு துண்டு, அம்புட்டுதான். மருந்துக் கடைக்காரர் கையுறை, கண்ணாடின்னு எடுத்துக் காட்டுவார். அதைப் போட்டா வேர்க்குதுக்காம்பான். இருபது வருசம் அடிச்சான். ஒரு தலைவலி கிடையாது. இருந்திருக்கலாம், சொன்னதில்ல.

நானும் கூடவே போவேன். அவனுக்கு அளவு வராது. டப்பாவுல எழுதியிருக்கறதை அவனும் படிக்க மாட்டான், நானும் படிக்க மாட்டேன். ஆனா எனக்குக் கை அளவு உண்டு. அவன் தண்ணி பிடிப்பான், நான் மூடியில அளந்து ஊத்துவேன். நீல மூடி. டேங்க்குக்கு மூணு மூடி. ஒரு சொட்டு சிந்தாது, கை நடுங்காது. தோட்டக்காரங்களே சொல்லுவாங்க, அக்கா கைக்குப் புழு பயப்படும்னு.

அவளுக்குப் பேரு ஜெயக்கொடி. வத்தலக்குண்டுக்காரி. பத்தாவது வரைக்கும் படிச்சவ. நான்தான் பாத்துக் கட்டி வச்சேன், அதையும் சொல்லிறணும். வந்த நாள்ல இருந்து எனக்கு அவ மேல ஒரு கண்ணு. குழம்பு வைப்பா, ருசியே பாக்க மாட்டா. ஆனா உப்பு சரியா இருக்கும். ருசி பாக்காம எப்படித் தாயி உப்பு சரியா இருக்கும்? யோசிச்சுப் பாரு. போன்ல பேசுறப்ப நான் உள்ள வந்தா வச்சிருவா. யாருன்னு கேட்டா, 'எங்கம்மா, மதினி'ம்பா. அம்மாகிட்டப் பேசறதை எதுக்கு வைக்கணும்? பன்னெண்டு வருசம் இப்படியே போச்சு. நடுவுல ஒரு பொம்பளைப் பிள்ளை, நிறைமதின்னு பேரு. எங்க அம்மா சாயல்.

அன்னிக்கு வைகாசி மாசம், புதன்கிழமை. தோட்டக்காரர் ஒருத்தர் விடியுமுன்னமே ஆள் விட்டுட்டார், மொட்டெல்லாம் ஓட்டை விழுந்து கெடக்குன்னு. டேங்க்கு மூடியில ரப்பர் வாசர் போயிருந்துச்சு. குனிஞ்சா முதுகுல வடியுதுக்கா, மாத்தணும்னு அவன் ரெண்டு நாளாச் சொல்லிக்கிட்டிருந்தான். நான்தான், இன்னிக்கு ஒரு நாளைக்குத் துணியைச் சுத்தி ஓட்டுடா, சந்தைக்குப் போறப்ப வாங்கியாரேன்னேன். அது எப்பவும் வடியறதுதான். இருபது வருசமா வடிஞ்சதுதான். வடிஞ்சா செத்துருவாங்களா?

பொழுது சாய வந்தான். சட்டை முதுகு சொதசொதன்னு ஈரம். வேர்த்து ஊத்துது, வாயில எச்சி வழியுது. கண்ணு மங்குதுக்கான்னான். பசியில சொல்றான்னு நினைச்சேன். கையைக்கூடக் கழுவலை, வட்டிலுக்கு முன்னால உக்காந்துட்டான். கத்தரிக்கா போட்ட கருவாட்டுக் குழம்பு. அவதான் ஊத்துனா. நாலு வாய் தின்னிருப்பான். எந்திரிச்சுப் போயி வாசல்ல வாந்தி எடுத்தான். ஆட்டோ பிடிச்சு நிலக்கோட்டை ஆஸ்பத்திரிக்குள்ள நுழையறதுக்குள்ள தலை சாஞ்சிருச்சு. என் மடியிலதான்.

நீ என்ன நினைக்கறன்னு தெரியுது. அவளோட வக்கீலும் அதைத்தான் சொல்றா. சின்னப் பொண்ணு, என் உசரம் பாதி இருப்பா. மருந்து தோல் வழியா இறங்கி ரத்தத்துல ஏறிருச்சாம், வயித்துல கொஞ்சந்தான் இருந்துச்சாம், ரிப்போர்ட்ல இருக்காம். ரிப்போர்ட்டு எழுதறவனும் மனுசன்தானே தாயி. அவனுக்கும் வத்தலக்குண்டுல சொந்தம் இருக்கலாம்.

நான் கண்ணால பாத்தேன். அதுக்கு முன்னால எந்த ரிப்போர்ட்டு நிக்கும்?

அதைச் சொல்றேன். அதுக்கு முன்னால சனம் துட்டி கேக்க, சாவு விசாரிக்க வந்த கதையைச் சொல்லணும். அங்க இருந்துதான் எனக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்துச்சு. முதல் ரெண்டு நாள் எனக்கு ஒரு ஞாபகமும் இல்ல. அழுகைதான். மூணாம் நாள்ல இருந்து வேன் வேனா சனம் வருது. எங்க பக்கத்து வழக்கம் உனக்கும் தெரியும்ல. கட்டிப் பிடிச்சு அழுது முடிச்சு, வாயைக் கொப்புளிச்சு, வட்டமா உக்காந்ததும் பெரிய பொம்பளை ஒருத்தி கேப்பா, 'எப்படித்தா ஆச்சு?'ன்னு. செத்தவனுக்கு நெருங்கினவங்கதான் சொல்லணும். அவ மூலையில சுருண்டு கெடக்கா, வாயைத் திறக்கலை. அதுவும் சந்தேகம்தான். அதனால நான் சொன்னேன்.

முதல் வேன் அணைப்பட்டிச் சனம். 'மருந்தடிக்கப் போனான், வந்தான், நாலு வாய் தின்னான், வாந்தி எடுத்தான், போயிட்டான்'னேன். எல்லாரும் உச்சுக் கொட்டுனாங்க. பெரிய மூக்குத்தி போட்ட ஒருத்தி மட்டும், 'சோறு யாரு போட்டது?'ன்னா. அம்புட்டுதான் கேட்டா. எல்லாக் கண்ணும் மூலைக்குப் போயித் திரும்பி வந்துச்சு.

அந்த ஒரு கேள்வி தாயி. ராவும் பகலும் எனக்கு அதே கேள்வி.

அடுத்த வேனுக்குச் சொல்றப்பத்தான் குழம்பு வாடை ஒரு தினுசா இருந்தது ஞாபகம் வந்துச்சு. அதுக்கு அடுத்த வேன் விளாம்பட்டிச் சனம். அவங்ககிட்டச் சொல்றப்ப, அவ அடுப்பங்கரையில முதுகைக் காட்டிக்கிட்டு நின்னது ஞாபகம் வந்துச்சு. ஏன் முதுகைக் காட்டணும்? ஏதோ மறைக்கறா. என்ன மறைக்கறா? பத்தாம் நாள் வாக்குல அதுவும் தெரிஞ்சுபோச்சு. கையில நீல மூடி டப்பா. மூடியைத் திருகறா, குழம்புச் சட்டியில சாய்க்கறா. இந்தா, நீ இருக்கற தூரத்துல தெரிஞ்சது. கேட்டவங்க நெஞ்சுல அடிச்சுக்கிட்டாங்க. அன்னிக்கு வந்த மாதிரி அழுகை அதுக்கு முன்னால வரலை.

அந்தப் பிள்ளை நிறைமதி தூணுக்குப் பக்கத்துல உக்காந்து எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கும். பத்து வயசு அப்ப. ஒரு நாள் எண்ணெய் தேச்சுவிடறப்பக் கேக்குது, 'அத்தை, போன வாரம் அம்மா முதுகு மட்டும்தான் தெரிஞ்சதுன்னு சொன்னீங்க. இப்பக் கையும் தெரியுதா?'ன்னு. பத்து வயசுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி தானா வருமா? யாரு சொல்லிக் கொடுத்தது? நான் எண்ணெய் தேய்க்கறதை அப்படியே நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு நான் தலை தொடலை.

ஞாபகம்னா அப்படித்தான். பித்தளைச் செம்புல புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்கத்தானே பூ வேலை தெரியுது. அது முன்னமே இருந்த பூதானே. நான் என்ன புதுசாவா வரைஞ்சேன்?

பதினாறாம் நாள் கருமாதி. எல்லாம் முறையாச் செஞ்சேன். மனசுக்குள்ள அம்புட்டு வச்சுக்கிட்டும் முறையில குறை வைக்கலை. கோடி போட்டேன், பந்தி போட்டேன். அதுக்கு நாலு நாள் கழிச்சுத்தான் போலீசுக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன். பொறுமையாக் கேட்டார். 'அம்மா, அன்னிக்கு அந்தப் பொம்பளை என்ன உடுத்தியிருந்தா? கண்ணை மூடி யோசிச்சுச் சொல்லுங்க'ன்னார். யோசிக்கணுமா? கண்ணை மூடின உடனே தெரிஞ்சது. அரக்குச் சேலை. பச்சைக்கரை. முந்தியில வரிசையா மயிலு. அதுல கடைசி மயிலுக்கு மட்டும் மூக்கு இல்ல, சாயம் ஏறாம மொட்டையா நிக்கும். அந்த மொட்டை மயிலு தோள் வழியா இறங்கி முதுகுல தொங்குது, இந்தப் பக்கம் டப்பா சாயுது. சொன்னேன். அவர் எழுதறதை நிறுத்திட்டு என்னையப் பாத்தார். 'என் சர்வீஸ்ல இப்படி ஒரு சாட்சி கிடைச்சதில்லம்மா'ன்னார். எனக்குப் பெருமையா இருந்துச்சு. இல்லேன்னு சொன்னா பொய்.

செத்த அன்னிக்கே ஆஸ்பத்திரியில அறுத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தாங்கல்ல, ஒரு மாசத்துல அந்த ரிப்போர்ட்டு வந்துச்சு, உடம்புல மருந்து இருக்குன்னு. வண்டி வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்க. அந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கிட்டேதான் ஏறுனா. பாத்தியா, துணிச்சல். அப்புறம் அதைக் கழட்டி வாங்கி, கவர்ல போட்டு, அரக்கு வச்சு முத்திரை குத்தி வச்சிருக்காங்க. மூணு மாசம் உள்ள இருந்தா, பெயில்ல வந்துட்டா. இன்னிக்குக் கோர்ட்டுல அந்தச் சேலையைப் பிரிச்சுக் காட்டுவாங்க. 'அன்னிக்கு உடுத்தியிருந்தது இதுதானா?'ன்னு கேப்பாங்க. இதுதான்னு நான் சொல்லணும். அரசு வக்கீல் சொல்லியிருக்கார், அது ஒண்ணு போதும்மா, ஆயுசு பூரா அவ வெளியே வரமாட்டான்னு.

எதிர்த்தரப்பு வக்கீல் பொண்ணு சேலையைப் பத்தி இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை பேசலை. மத்ததெல்லாம் குடைஞ்சு குடைஞ்சு கேக்கறா, சேலைன்னா வாயை மூடிக்கறா. அது ஒண்ணுதான் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு.

மெஷின் கதையைச் சொல்லலையே. இருக்கு, நேரம் இருக்கு.

பெயில்ல வந்தவ சும்மா இருந்தாளா? மண்டையைப் பரிசோதிக்கற மெஷின் ஒண்ணு இருக்காம். நான் தயார், என் மண்டையைப் பாருங்க, என் மதினி மண்டையையும் பாருங்கன்னு மனுப் போட்டுட்டா. ஜட்ஜையா என்னையக் கூப்பிட்டு, 'உங்களுக்குச் சம்மதமாம்மா? இஷ்டமில்லாட்டி வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது'ன்னார். இஷ்டம்தான்னேன். நான் எதுக்குப் பயப்படணும்? அவ மண்டையைத் திறந்து பாத்துட்டா என் வேலை மிச்சம்னு நினைச்சேன்.

சென்னைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. முத நாளே தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. அம்பது வருசமா எண்ணெய் வைக்காத நாள் கிடையாது எனக்கு. ஷாம்பு போட்டுத் தேச்சு, முடி நார் மாதிரி பறக்குது. வெத்தலையும் கூடாது. எண்ணெய்க்கும் வெத்தலைக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? என்னைய நிதானம் இழக்க வைக்கறதுக்குத்தான்.

ஏசி ரூமு. டாக்டரம்மா ஒருத்தி, கண்ணாடி போட்டவ, சாந்தமாப் பேசுனா. ரொம்பச் சாந்தமாப் பேசறவங்களை நான் நம்பறதில்ல. தலையில ஒரு தொப்பி மாட்டுனாங்க. வலை மாதிரி, அதுல ஓட்டை ஓட்டையா, ஓட்டைக்கு ஒரு வயரு. ஓட்டைக்குள்ள கஞ்சி மாதிரி ஒண்ணைப் பிதுக்கி விட்டாங்க, சில்லுன்னு இருந்துச்சு. 'கண்ணை மூடிக்குங்கம்மா. குரல் ஒண்ணு சில வாக்கியம் சொல்லும். கேட்டா மட்டும் போதும். பதில் சொல்ல வேண்டாம்'னா.

குரல்னா, ரேடியோவுல செய்தி வாசிக்கற தமிழ். 'நான் வீட்டில் இருந்தேன்'னுச்சு. 'ஆமா இருந்தேன்'னேன். டாக்டரம்மா ஓடியாந்து, 'பேசாதீங்கம்மா'ன்னா. 'நான் சமையலறைக்குச் சென்றேன்'னுச்சு. 'நான் எங்க போனேன், அவல்ல போனா'ன்னேன். மறுபடி ஓடியாந்தா. வாயைக் கட்டிப்போட்டு மண்டையை விசாரிக்கறது என்ன நியாயம் தாயி? கடைசியில நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்தேன். 'நான் மூடியைத் திறந்தேன்.' 'நான் மருந்தை ஊற்றினேன்.' 'அவர் உண்பதைப் பார்த்தேன்.' இதையே மாத்தி மாத்தி. கண்ணை மூடிக் கேக்கறப்ப எல்லாம் படமா ஓடுது உள்ள.

முடிச்சு ரெண்டு வாரத்துல மறுபடி போனேன். அவ வக்கீல் பொண்ணும் இருந்தா. நான் நேரா டாக்டரம்மாகிட்டக் கேட்டேன், 'உங்க பெட்டி என்ன சொல்லுது?'

'பெட்டி ஒண்ணும் சொல்லாதும்மா. ஒரு வாக்கியத்தைக் கேக்கறப்ப அது உங்க மூளைக்குப் பழகின காட்சியா, இல்ல காதால கேட்டது மட்டுமான்னு பாக்கும். அதுலயும் தப்பு வரும். இதை வச்சுக் கோர்ட்டு தீர்ப்பு சொல்லாது.'

'ஜெயக்கொடிக்கு?'

'மருந்தை ஊற்றினேங்கற இடத்துல அவங்களுக்கு ஒண்ணும் இல்ல.'

'எனக்கு?'

கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. 'உங்களுக்கு இருக்கும்மா.'

எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. நான் எந்திரிச்சுட்டேன். 'அப்ப என் தம்பியை நானா கொன்னேன்? இடுப்புல சுமந்தவளைப் பாத்தா சொல்ற?'ன்னேன். அவ கோவப்படலை. 'அப்படிச் சொல்லவே இல்லம்மா. நூறு பேர்கிட்ட ஒரு விஷயத்தை மனசுக்குள்ள பாத்துப் பாத்துச் சொன்னா, மூளை அதை நடந்ததாவே எடுத்து வச்சுக்கும். மறக்கறது மட்டும் இல்ல, இல்லாததைச் சேக்கறதும் மூளையோட வேலைதான். இல்லேன்னா, வேற எங்கேயோ நீங்க நெசமாவே மருந்து ஊத்தியிருக்கலாம். எதுன்னு பெட்டிக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியணும்'னா.

எவ்வளவு கொடுத்தாங்களோ அந்தம்மாவுக்கு. சாந்தமாப் பேசறப்பவே நினைச்சேன்.

அப்புறம் நான் வீட்டுக்கு வந்து உக்காந்து யோசிச்சதுல விஷயம் பிடிபட்டுச்சு. யாருகிட்டயும் சொல்லாத. எனக்கு மாட்டுனாங்கல்ல தொப்பி, அதை எனக்கு முன்னால அவளுக்குத்தான் மாட்டியிருந்தாங்க. காலையில அவ, மத்தியானம் நான். ஒருத்தி சீப்பை இன்னொருத்தி வாங்கிச் சீவுனா பேன் ஏறுதா இல்லையா? அவ மண்டையில இருந்தது அந்தக் கஞ்சியோட ஒட்டிக்கிட்டு எனக்கு ஏறிருச்சு. அவளுக்குக் கழுவி வச்ச சட்டியாட்டம் ஒண்ணுமில்லாம இருக்கு, எனக்கு இருக்குன்னா வேற என்ன அர்த்தம்? அரசு வக்கீல்கிட்டச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் இருமிட்டு, 'மெஷினை விடுங்கம்மா, அது செல்லாது. நீங்க சேலையை மட்டும் பிடிச்சுக்குங்க'ன்னார்.

சின்னாளபட்டி வந்துருச்சா? ஆமா. கூட்டத்தைப் பாரு, முகூர்த்த நாள் போல.

என்ன கேட்ட? அந்தச் சேலையா?

மொட்டை மயிலு விழுந்த சேலையை எந்தக் கடையிலயும் எடுத்து வெளியே வைக்க மாட்டாங்களே, எங்க கிடைச்சுச்சுன்னா கேக்கற? நீ துணி வேலை பாக்கறவ, அதான் அந்தக் கேள்வி வருது. இதே சின்னாளபட்டிதான். அந்தா பாரு, மஞ்சள் போர்டு, வாசல்ல பொம்மை நிக்குதுல்ல, அந்தக் கடைதான். நான்தான் எடுத்தேன். 'அக்கா, இது பழுது, உள்ள கட்டிப் போட்டிருக்கோம், வேற பாருங்க'ன்னார் கடைக்காரர். 'பரவாயில்லப்பா, கட்டப் போறவளுக்கு இது போதும்'னேன். வேணும்னேதான். ஊரே பாக்க அவ மேல அதைப் போட்டு, வருசம் பூரா அவ முதுகுல அந்த மொட்டை மயிலு தொங்கணும்னு. புருசனைத் தின்னவளுக்குப் பட்டா எடுப்பாங்க, கோடிக்கு இது போதாதான்னு...

கோடிக்கு.

இரு தாயி. நீ பேசாத. கொஞ்சம் இரு.

கருமாதியில தாலி அறுத்தவ மேல போடற புதுச்சேலைதானே கோடி, அது பதினாறாம் நாள் போட்டது. நான் பதினஞ்சாம் நாள் வந்து எடுத்தேன். மழை தூறுச்சு, கடைக்காரர் பாலிதீன் பையில போட்டுக் கொடுத்தார். அவன் போயிப் பதினஞ்சு நாள்.

அப்ப அன்னிக்கு அடுப்பங்கரையில எப்படி?

நீ யாரு? யார் வீட்டுப் பிள்ளை நீ? நிலக்கோட்டையில என் பின்னாலயே ஏறுன. அந்த வக்கீல் பொண்ணு அனுப்புனாளா உன்னைய? பையைத் திற, பாப்போம்.

சேலைதான். எல்லாம் சேலைதான். நூல்கண்டு, ஊசி. சரி. தப்பா நினைச்சுக்காத. மூடி வச்சுக்க.

இந்த மாதிரி ஒண்ணு அவகிட்ட முன்னமே இருந்திருக்குமோ? இருக்காது. சாயம் பழுதானது ஒண்ணே ஒண்ணுதான்னு கடைக்காரர் சொன்னார். அதனாலதான் அவ வக்கீல் சேலைன்னா வாயை மூடிக்கறா. இன்னிக்குக் கேக்கப் போறா. கேட்டா என்ன? கோடின்னு வந்தது பத்துப் பதினஞ்சு சேலை, குவிஞ்சு கெடந்துச்சு, எது யாரு போட்டதுன்னு யாரு கண்டா? அவ சொன்னா யாரு நம்புவா? எடுத்தது நான். போட்டது நான். நான் சொன்னாத்தான் உண்டு. சொல்லலைன்னா இல்ல.

இரு, சேலை இல்லாம பாக்கறேன். கண்ணை மூடிக்கறேன்.

அடுப்பங்கரை. முதுகு. சேலையை எடுத்துட்டா முதுகும் போயிருது தாயி. என்ன உடுத்தியிருந்தா? தெரியலை. அவ முகம் எந்தப் பக்கம் இருந்துச்சு? தெரியலை. கை இருக்கு. டப்பா இருக்கு. நீல மூடி இருக்கு. கை தெளிவாத் தெரியுது. மணிக்கட்டுல பச்சை குத்தியிருக்கு, தேள் படம்.

ஜெயக்கொடி பச்சை குத்துனதில்ல.

இந்தா, இதுதான். இந்தக் கைதான். எனக்குப் பதிமூணு வயசுல குத்துனது.

கருவாட்டு வாடை இல்ல. மல்லிய மொட்டு வாடை வருது. வெயில் இன்னும் ஏறலை. அவன் குடத்துல தண்ணியோட நிக்கறான். ஒரு மூடி, ரெண்டு, மூணு. புழு ஜாஸ்தியா இருக்குடா, இன்னிக்கு ஒண்ணு கூட ஊத்தறேன்னேன். நாலு. தூக்கி முதுகுல மாட்டிக் குனிஞ்சான். 'வடியுதுக்கா'ன்னான். துணியைச் சுத்திக்கடான்னேன். சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே செடிக்கு நடுவுல சால்ல இறங்கிட்டான்.

இதை நான் ஒரு வேன் சனத்துக்கும் சொன்னதில்ல. ஒருத்தரும் கேக்கலை. சோறு யாரு போட்டதுன்னுதான் கேட்டாங்க.

அந்த டாக்டரம்மா பேரு என்னன்னுகூட நான் கேட்டு வச்சுக்கலை.

தண்ணி இருக்கா? கொடு. நீயே ஒரு வாய் முதல்ல... வேண்டாம், கொடு. குடிக்கறேன்.

என்ன, கோர்ட்டு ஸ்டாப்பு வந்துருச்சா? அதுக்குள்ளயா? என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்க, எந்திரிக்கறேன். காலு மரத்துப்போச்சு. கண்டக்டர் தம்பி, கொஞ்சம் பொறுப்பா, விசில் அடிச்சிராத.

அந்தா, மரத்தடியில நிக்கறா. அவதான். பக்கத்துல நிறைமதி. வளந்துருச்சே பிள்ளை, தோளுக்கு வந்துருச்சு. யாரு எண்ணெய் வச்சுச் சீவி விட்டாங்களோ, படிய வாரியிருக்கு.

அவ அரக்குச் சேலை உடுத்தியிருக்கா தாயி. பச்சைக்கரை. எனக்கு இங்க இருந்தே தெரியுது, கடைசி மயிலுக்கு மூக்கு இல்ல.

அந்தச் சேலை கோர்ட்டுக்குள்ள கவர்ல முத்திரை போட்டுக் கெடக்கு.

ஜன்னலோரம் நீதானே உக்காந்திருக்க. எனக்காக ஒரு தடவை நல்லாப் பாரு. அவ என்ன நிறம் உடுத்தியிருக்கான்னு நீ சொல்லு தாயி. நீ சொல்ற நிறத்தைக் கேட்டுக்கிட்டு நான் இறங்கிக்கறேன்.